பெயர், ஊர், தெரு: எர்னி பைல் எழுதிய போர்



இரண்டாம் உலகப் போர் என்றதும் உங்களுக்கு யார் யார் நினைவுக்கு வருவார்கள்? ஹிட்லர், சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின். போர்ப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு இன்னும் இரண்டு மூன்று தளபதிகள். இந்த இதழில் நீங்கள் சந்திக்கப்போகிறவர் அந்த வரிசையில் வராதவர். சுமார் 50 கிலோ எடை, வழுக்கை விழுந்த தலை, நாற்பதைத் தாண்டிய வயது. கையில் துப்பாக்கி கிடையாது, தட்டச்சுப் பொறி மட்டும் உண்டு. பெயர் எர்னி பைல். 1943-லும் 1944-லும் அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்கு எந்தத் தளபதியைவிடவும் இவர்தான் நெருக்கமானவர். காரணம் தெரிய வேண்டுமானால், முதலில் அந்தக் குடும்பங்களின் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

1941 டிசம்பர் 7-ம் தேதி ஹவாய்த் தீவிலுள்ள பெர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. அமெரிக்கா போரில் இறங்கியது. ஐரோப்பிய நகரங்கள் எரிந்ததுபோல அமெரிக்க நகரங்கள் எரியவில்லை. ஆனாலும் போர் சமையலறைவரை வந்துவிட்டது. 1942 மே மாதம் சர்க்கரைக்கு ரேஷன். நவம்பரில் காபிக்கு. 1943-ல் இறைச்சி, வெண்ணெய், டப்பாவில் அடைத்த உணவு என்று பட்டியல் நீண்டது. கைக்குழந்தை உட்பட ஆளுக்கொரு ரேஷன் புத்தகம். 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றுபோனது. டெட்ராய்ட் பக்கத்து வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு நிறுவனம் கட்டிய தொழிற்சாலை, உச்சத்தில் ஏறக்குறைய மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானம் என்ற வேகத்தில் செய்து தள்ளியது.

பழைய கார் வைத்திருந்தவர்கள் மணிக்கு 35 மைலுக்குமேல் ஓட்டக் கூடாது. பெட்ரோலும் அளவாகத்தான் கிடைத்தது. இந்தக் கெடுபிடிக்கு முக்கியக் காரணம் பெட்ரோல் பற்றாக்குறை அல்ல, ரப்பர். மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் ஜப்பான் பிடித்துக்கொண்டதால் டயருக்கு ரப்பர் வரத்து நின்றுவிட்டது. (அந்த மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். அவர்கள் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது.) வண்டி குறைவாக, மெதுவாக ஓடினால் டயர் தேயாது, அவ்வளவுதான் கணக்கு.

இல்லத்தரசிகள் வறுத்த கொழுப்பை வடிகட்டி டப்பாவில் சேர்த்து இறைச்சிக் கடையில் கொடுத்தார்கள். அதிலிருந்து எடுக்கும் கிளிசரின் வெடிமருந்துக்குப் போனது. கொல்லையிலும் காலி மனையிலும் காய்கறி போட்டார்கள். அப்படி ஏறக்குறைய 2 கோடித் தோட்டங்கள் இருந்ததாகக் கணக்கு. மொட்டை மாடியில் தொட்டி வைத்து வெண்டைக்காய்க்கு மல்லுக்கட்டும் நம் உறுப்பினர்களுக்கு இந்த எண்ணிக்கையின் அருமை புரியும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய கஷ்டம். சமாளிக்க முடியாதது ஜன்னலில் தொங்கியது. வீட்டிலிருந்து ஒரு பிள்ளை படைக்குப் போயிருந்தால், சிவப்புக் கரையிட்ட சின்ன வெள்ளைக் கொடியில் ஒரு நீல நட்சத்திரம். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு. பிள்ளை இறந்துவிட்டால் நீலம் தங்க நிறமாகும். தெருவில் நடந்து போகிற யாரும் ஜன்னலைப் பார்த்தே அந்த வீட்டின் நிலையைத் தெரிந்துகொள்ளலாம். தந்திக்காரர் தெருவுக்குள் நுழைந்தால் ஒவ்வொரு வீட்டிலும் மூச்சு நின்றது. படையில் சேவை செய்தவர்கள் மொத்தம் 1 கோடியே 60 லட்சம் பேர். திரும்பாதவர்கள் 4 லட்சத்துக்கும் மேல்.

கடிதங்கள் வந்தன. ஆனால் தணிக்கை அதிகாரி படித்துவிட்டுத்தான் அனுப்புவார். எங்கே இருக்கிறேன் என்று எழுத முடியாது, என்ன நடக்கிறது என்றும் எழுத முடியாது. கப்பலில் இடம் மிச்சமாகும் என்று கடிதங்களைச் சின்னப் படச்சுருளாக எடுத்து, இங்கே வந்தபின் உள்ளங்கை அகலத்துக்கு அச்சிட்டுக் கொடுத்தார்கள். செய்தித்தாளைப் பிரித்தால் வரைபடமும் அம்புக்குறியும்தான். பையன் எங்கே படுக்கிறான், என்ன சாப்பிடுகிறான், குளித்து எத்தனை நாள் ஆயிற்று, யாரோடு பேசுகிறான்? அம்மாக்களின் கேள்வி இதுதான். அரசாங்கமும் தளபதிகளும் பதில் சொல்லாத அந்தக் கேள்விக்குத்தான் எர்னி பைல் வாரம் ஆறு நாள் பதில் எழுதினார்.

எர்னெஸ்ட் டெய்லர் பைல் பிறந்தது 1900 ஆகஸ்ட் 3-ம் தேதி, இண்டியானா மாநிலத்தில் டேனா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். பெற்றோர் விவசாயிகள், இவர் ஒரே பிள்ளை. பிள்ளைக்கு ஏரும் குதிரையும் பிடிக்கவில்லை. முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் கடற்படையின் துணைப் படையில் சேர்ந்தார், பயிற்சி முடியும் முன்பே போர் முடிந்துவிட்டது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். ஒருமுறை கல்லூரி பேஸ்பால் அணி ஜப்பானுக்குப் போனபோது, கப்பலில் வேலை பார்த்துக்கொண்டே நண்பர்களோடு கூடவே கிளம்பிவிட்டார். கால் ஓரிடத்தில் நிற்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1923-ல் பட்டம் வாங்கச் சில மாதங்களே இருக்கும்போது படிப்பை விட்டுவிட்டு ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். சில மாதங்களில் வாஷிங்டன் டெய்லி நியூஸ் அழைத்தது.

வாஷிங்டனில் ஜெரால்டின் சீபோல்ட்ஸ் என்ற அரசு ஊழியரைச் சந்தித்தார். எல்லோருக்கும் அவர் ஜெர்ரி. 1925-ல் திருமணம். அடுத்த வருடமே இருவரும் வேலையை விட்டுவிட்டு ஒரு ஃபோர்டு காரில் நாட்டைச் சுற்றக் கிளம்பினார்கள். திரும்பி வந்த பைல், 1928 முதல் நான்கு ஆண்டுகள் விமானத் துறை பற்றி எழுதினார். பிறகு நிர்வாக ஆசிரியர் பதவி. மேசை வேலை அவருக்கு ஒத்துவரவில்லை.

1935-ல் ஸ்கிரிப்ஸ்-ஹோவர்ட் பத்திரிகைக் குழுமம் அவருக்கு ஒரு விநோதமான வேலை கொடுத்தது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் எழுதலாம், வாரம் ஆறு கட்டுரை வர வேண்டும். நம்மில் பலர் கனவு காணும் வேலை! ஆனால் ஏழு வருடம் செய்து பாருங்கள். சொந்த வீடு இல்லாமல், விடுதி மாற்றி விடுதி, பக்கத்து இருக்கையில் ஜெர்ரி. 48 மாநிலங்கள், அலாஸ்கா, ஹவாய், தென் அமெரிக்கா. ஹவாயில் தொழுநோயாளிகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மோலோகாய்த் தீவுக்கும் போய்த் தங்கி எழுதினார். பெரிய மனிதர்களைத் தேடிப் போகவில்லை. கடைக்காரர், சுரங்கத் தொழிலாளி, தனியாக வாழும் கிழவர் என்று பேசினார். பேசும்போது பெரும்பாலும் குறிப்பேடு எடுக்க மாட்டார். எதிரே இருப்பவர் கூச்சம் விட்டுப் பேசுவார். போர்க்களத்தில் அவருக்குக் கைகொடுத்த பழக்கமெல்லாம் இந்த ஏழு வருடச் சாலையில் வந்ததுதான் என்பது என் எண்ணம்.

1940-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் ஒரு சின்ன வீடு கட்டினார்கள். இருவருக்கும் முதல் சொந்த வீடு. ஆனால் அதே ஆண்டு இறுதியில் பைல் லண்டனுக்குக் கப்பலேறினார். ஜெர்மானிய விமானங்கள் லண்டனைக் கொளுத்திய டிசம்பர் 29-ம் தேதி இரவை உயரத்திலிருந்து பார்த்து எழுதிய கட்டுரை அவர் பெயரை அமெரிக்கா முழுதும் கொண்டுபோனது.

வீட்டில் நிலைமை வேறு. ஜெர்ரிக்குக் கடுமையான மனச்சோர்வு நோய், கூடவே மதுப்பழக்கம். பைலும் மனச்சோர்வில் விழுந்து எழுகிறவர்தான். 1942-ல் இருவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள். அந்த அதிர்ச்சியாவது அவரைச் சிகிச்சைக்குத் திருப்பும் என்ற நம்பிக்கை. அடுத்த ஆண்டு மார்ச்சில், பைல் வட ஆப்பிரிக்காவில் இருக்கும்போதே, அவர் சார்பில் வேறொருவர் நிற்க, அதே இருவருக்கும் மீண்டும் திருமணம் நடந்தது. போர்க்களத்திலிருந்து லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆறுதல் எழுதியவரால் தன் வீட்டுக்கு ஆறுதல் கொண்டுபோக முடியவில்லை.

1942 நவம்பரில் அல்ஜீரியாவின் ஓரான் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். மற்ற நிருபர்கள் தலைமையகத்தில் அறிக்கைக்குக் காத்திருக்க, இவர் ஊரைச் சுற்றினார். நாஜிகளுக்கு ஒத்தாசையாக இருந்த பழைய பிரெஞ்சு அதிகாரிகளை அமெரிக்கப் படை பதவியில் விட்டுவைத்திருப்பதைக் கண்டார், எழுதினார். தணிக்கை அலுவலர்கள் எப்படியோ அதை விட்டுவிட்டார்கள். எர்னி பைல் என்றால் மண்வாசனைக் கட்டுரை மட்டும்தானே என்று அசட்டையாக இருந்திருப்பார்கள் போல. வாஷிங்டனுக்கே சங்கடமான செய்தி அது.

பிறகு துனிசியா. காலாட்படையோடு சேர்ந்து தரையில் படுத்தார். 1943 பிப்ரவரியில் காசரீன் கணவாய்ப் பக்கம் அனுபவமில்லாத அமெரிக்கப் படை ஜெர்மானியரிடம் அடிவாங்கிப் பின்வாங்கியபோது கூடவே பின்வாங்கினார். தோல்வியை மூடி மறைக்காமல், அதே சமயம் வீட்டில் இருப்பவர்கள் நம்பிக்கை இழக்காமல் எழுதினார். விமானிக்குச் சூடான உணவும் கட்டிலும் உண்டு, மாலுமிக்கும் உண்டு, காலாட்படை வீரனுக்குச் சேறு மட்டும்தான் என்பது அவர் கண்டது. அந்தச் சேற்றில் கிடப்பவர்கள் பக்கம் அவர் மனம் முழுதாகச் சாய்ந்தது அங்கேதான்.

அவர் எழுதும் முறையைச் சொல்ல வேண்டும். ஒரு சிப்பாயைப் பற்றி எழுதினால் முழுப் பெயர் இருக்கும், ஊர் இருக்கும். பல சமயம் தெருவின் பெயரும் கதவு எண்ணும்கூட இருக்கும். ராணுவத்தில் ஆளுக்கு ஒரு எண் கொடுத்துக் கழுத்தில் தகடு மாட்டிவிடுவார்கள். பைல் அந்த எண்ணைக் கழற்றிவிட்டு வீட்டு முகவரியை மாட்டினார். அந்த ஊரில் அன்று பத்திரிகை கை மாறி மாறிப் போகும். நம் வளாகத்திலேயே பாருங்கள், பத்து வருடம் எதிர்வீட்டில் இருப்பவரை நாம் பி-204 என்றுதான் சொல்கிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பக் எவர்சோல், இடாஹோ மாநிலத்தின் ட்வின் ஃபால்ஸ் ஊர்க்காரர், போருக்கு முன் மாடு மேய்க்கும் கௌபாய். இத்தாலியில் ஒரு சிறு பிரிவுக்குத் தலைமை சார்ஜன்ட். புதிதாக வரும் பையன்கள் தன் கண் முன்னே செத்துக்கொண்டே இருப்பதால், தானே அவர்களைக் கொல்வதுபோல் தோன்றுகிறது என்று பைலிடம் மனம் திறந்தார். ஓய்வு முகாமில் ஐந்து நாள் இருக்க அவருக்கு வாய்ப்பு வந்தது. அன்றிரவு அவர் பிரிவு முன்னணிக்குப் போகிறது என்று தெரிந்ததும், ஓய்வு வேண்டாம், நானும் போகிறேன் என்று மேலதிகாரியிடம் போய் நின்றார். போகச் சொல்லி உத்தரவு வந்ததால் மனமில்லாமல் ஓய்வுக்குப் போனார். இதில் பீரங்கி இல்லை, கொடி இல்லை, வெற்றி முழக்கம் இல்லை. வீரம் என்ற சொல்லை எடுத்துவிட்டு வீரத்தை எழுதுவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் இந்த மனிதரைத்தான் படிக்க வேண்டும்.

1943 டிசம்பர், இத்தாலியின் சான் பியெத்ரோ மலை. டெக்சாஸ் மாநிலத்தின் பெல்டன் ஊரைச் சேர்ந்த கேப்டன் ஹென்றி வாஸ்கோ, வயது 25, குண்டுச் சிதறலில் இறந்தார். செங்குத்தான மலையில் வண்டி ஏறாது. இறந்தவர்களைக் கோவேறு கழுதைகளின் முதுகில் குறுக்கே போட்டு இரவில் நிலவொளியில் கீழே கொண்டுவந்தார்கள். கேப்டனின் உடல் வந்ததும் அவருடைய சிப்பாய்கள் ஒருவர் பின் ஒருவராக இருட்டில் அருகே வந்தார்கள். ஒருவர் திட்டினார், மரணத்தைத் திட்டினாரா போரைத் திட்டினாரா தெரியாது. ஒருவர் மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னார். ஒருவர் தரையில் உட்கார்ந்து, இறந்தவரின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, தனியாக நடந்து போனார்.

பைல் இதை எழுதி முடித்தபோது அவருக்கே திருப்தி இல்லை. உடனிருந்த நிருபர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 1944 ஜனவரி 10-ம் தேதி வாஷிங்டன் டெய்லி நியூஸ் தன் முதல் பக்கம் முழுவதையும் இந்த ஒரு கட்டுரைக்குக் கொடுத்தது. அன்றைய பிரதிகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. ஜன்னலில் நீல நட்சத்திரம் வைத்திருந்த எத்தனையோ தாய்மார்கள், தன் பிள்ளைக்கு அப்படி ஆனால் காலரைச் சரிசெய்ய ஓர் ஆள் பக்கத்தில் இருப்பான் என்று அன்று தெரிந்துகொண்டார்கள். அந்த ஆறுதலுக்கு என்ன விலை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எழுத்தால் காசும் வாங்கிக் கொடுத்தார். விமானிகளுக்குப் பறப்பதற்கென்று கூடுதல் சம்பளம் உண்டு, மாதம் 50 டாலர் வாங்கும் காலாட்படைச் சிப்பாய்க்கு முன்னணியில் நின்றதற்காகப் பத்துப் பைசா கூடுதல் இல்லை. இது நியாயமா என்று எழுதினார். 1944-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, போரிடும் காலாட்படை வீரர்களுக்கு மாதம் 10 டாலர் கூட்டிக் கொடுத்தது. மக்கள் அதை எர்னி பைல் மசோதா என்றே அழைத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் புலிட்சர் பரிசு. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், மார்ச் மாதம், அன்சியோவில் நிருபர்கள் தங்கியிருந்த வீட்டின்மேல் குண்டு விழுந்தது. ஜன்னலோரம் எட்டிப் பார்க்க எழுந்திருந்ததால் பிழைத்தார். சுவர் அவர் படுக்கையின்மேல் இடிந்து கிடந்தது.

1944 ஜூன் 6 நார்மண்டித் தரையிறக்கம். மறுநாள் பைல் ஒமாஹா கடற்கரையில் இறங்கினார். ஈர மணலில் நடந்தார். கண்ணில் பட்டதை எழுதினார்: காலுறைகள், ஷூ பாலிஷ், தைக்கும் ஊசிநூல், பல் துலக்கி, பைபிள், குடும்பப் புகைப்படம், யாரோ ஒருவன் நம்பிக்கையோடு எடுத்துவந்த டென்னிஸ் மட்டை. வீட்டிலிருந்து வந்த கடிதங்களும் கிடந்தன. புறப்படும் முன் பாதுகாப்புக்காக அவற்றின் முகவரியை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். முகவரியைத் தேடித் தேடி எழுதியவரின் காலடியில் முகவரி இல்லாத கடிதங்கள்.

ஜூலை 25-ம் தேதி செயின்ட் லோ அருகே அமெரிக்க விமானங்கள் தவறுதலாகத் தம் படைமீதே குண்டு போட்டன. ஜெனரல் மெக்நேர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பைல் ஒரு வண்டிக்கடியில் பாய்ந்து படுத்துப் பிழைத்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. பாரிஸ் விடுதலையைப் பார்த்துவிட்டு, என்னால் இனி தாங்க முடியாது என்பதை வாசகர்களிடம் மறைக்காமல் எழுதிவிட்டு, செப்டம்பரில் ஊர் திரும்பினார். நவம்பரில் இண்டியானா பல்கலைக்கழகம், பட்டம் வாங்காமல் போன தன் பழைய மாணவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. வீட்டில் ஜெர்ரியின் உடல்நிலை மோசமாகியிருந்தது. வாசலில் தபால் மூட்டைகள். என் மகனைப் பார்த்தீர்களா, பார்த்தால் சொல்லுங்கள் என்று அம்மாக்கள் எழுதிய கடிதங்கள்.

1945 ஜனவரியில் மறுபடி கிளம்பினார், இந்த முறை பசிபிக் கடலுக்கு. போக விருப்பமில்லை என்பதை நண்பர்களிடம் சொன்னார். அங்கும் பையன்கள் இருக்கிறார்களே என்பதுதான் காரணம். கடற்படையில் மாலுமிகளின் பெயரைப் பத்திரிகையில் வெளியிடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. பைல் சண்டை போட்டார். கடைசியில் அவருக்கு மட்டும் விதிவிலக்கு கிடைத்தது, மற்ற நிருபர்களுக்கு இல்லை. விமானந்தாங்கிக் கப்பலில் மாலுமிகளுக்குக் குளியலும் சூடான சோறும் கிடைப்பதை ஐரோப்பியச் சேற்றோடு ஒப்பிட்டு எழுதியதில் கடற்படைக்காரர்கள் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு.

ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. ஜப்பானியக் கைதிகளைப் பார்த்தபோது பைல் எழுதியவை படிக்கச் சங்கடமானவை. ஜெர்மானியனை மனிதனாகப் பார்த்தவரால் ஜப்பானியனை அப்படிப் பார்க்க முடியவில்லை, அருவருப்பு வெளிப்படையாகவே இருக்கிறது. அன்றைய அமெரிக்கப் பொதுமனம் அப்படித்தான் இருந்தது. 1942-ல் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையால் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, வயல் எல்லாம் விட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். குடும்பத்துக்கொரு எண் கொடுத்து, பெட்டியிலும் சட்டையிலும் அட்டை கட்டி அனுப்பினார்கள். அந்த முகாம்களிலிருந்தும் பையன்கள் அமெரிக்கப் படையில் சேர்ந்து இத்தாலியில் சண்டையிட்டார்கள். கறுப்பின வீரர்களும் தனிப் பிரிவுகளில்தான் வைக்கப்பட்டார்கள். பெயரும் தெருவும் எழுதிய எர்னி பைலின் கண் எல்லோர் வாசலிலும் ஒரே மாதிரி நின்றுவிடவில்லை.

1945 ஏப்ரல் 1-ம் தேதி ஓகினாவாவில் கடற்படைத் தரைப்படையினரோடு இறங்கினார். ஏப்ரல் 12-ல் ரூஸ்வெல்ட் காலமானார். ஓகினாவாவுக்கு மேற்கே இயே ஷிமா என்று ஒரு குட்டித் தீவு. 77-வது காலாட்படைப் பிரிவோடு பைல் அங்கே போனார். ஏப்ரல் 18 காலை, ஒரு கர்னலோடு ஜீப்பில் போகும்போது ஒளிந்திருந்த ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி சுட்டது. எல்லோரும் பள்ளத்தில் பாய்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்கள் பத்திரமா என்று பார்க்கப் பைல் தலையைத் தூக்கினார். தலைக்கவசத்துக்குக் கீழே, இடது நெற்றிப் பொட்டில் குண்டு பாய்ந்தது. வயது 44. அப்போது அவர் கட்டுரை 400 நாளிதழ்களிலும் 300 வார இதழ்களிலும் வந்துகொண்டிருந்தது.

சட்டைப் பையில் ஒரு கையெழுத்துப் பிரதி இருந்தது. ஐரோப்பாவில் போர் முடியும் அன்று வெளியிடுவதற்காக முன்கூட்டியே எழுதிக்கொண்டிருந்த கட்டுரை. கொண்டாட்டத்துக்கு நடுவே இறந்தவர்களை நினைத்துக்கொண்டிருந்தது அதன் உள்ளடக்கம். மூன்று வாரத்தில் அந்த நாள் வந்தது. கட்டுரை முடியாமலே இருந்தது.

தலைக்கவசத்தோடேயே அவரை இயே ஷிமாவில், இறந்த மற்ற சிப்பாய்களின் வரிசையிலேயே புதைத்தார்கள். பின்னர் ஹவாயில் ஹோனலூலு நகரின் தேசிய நினைவு மயானத்துக்கு மாற்றினார்கள். அங்கும் சிப்பாய்களின் வரிசைதான். ஜெர்ரி அதே ஆண்டு நவம்பர் 23-ம் தேதி இறந்தார். கணவர் போன ஏழு மாதத்தில்.

உங்களில் சிலர் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வருகிறீர்கள். என்றாவது நியூ மெக்சிகோ பக்கம் போக நேர்ந்தால் அல்புகர்க்கியில் அந்தச் சின்ன வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். முன்னால் வெள்ளை மரவேலி இருக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து அதிக நாள் வாழாத வீடு. 1948-ல் அதை நகராட்சி நூலகமாக்கினார்கள். அந்த நகரின் முதல் கிளை நூலகம் அதுதான். இவர்கள் நடமாடிய அறைகளில் இப்போது புத்தக அலமாரிகள் நிற்கின்றன.